எட்டு எண்ணும் வரை

ஏரியின் மேல் மூடுபனி நிற்கும்போது சூரியன் எழுந்தால், பனி முழுவதும் உள்ளுக்குள்ளிருந்து பற்றிக்கொண்டதுபோல் வெளுக்கும். அது நாலு நிமிடம் இருக்கும். சில நாள் மூன்று. அதற்கு முன்னால் எல்லாம் சாம்பல் நிறம். அதற்குப் பின்னால் வழக்கமான காலை, வழக்கமான ஏரி, மாடு கழுவுகிறவர்கள். அந்த நாலு நிமிடத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க நான் ஒருவனைப் பனியில் நிறுத்தி வைத்தேன். அவன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு நெஞ்சு கெட்டிருந்தது. அது எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆஸ்டின் டவுனில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு டிராப்ட்ஸ்மேன் வேலை. வேறு யாரோ யோசித்த மதகுகளையும் சாக்கடைகளையும் நாள் முழுக்க டிரேசிங் துணியில் பிரதி எடுக்க வேண்டும். என் சொந்த யோசனை என்று ஒரு கோடு அந்தத் துணியில் விழக் கூடாது. அந்த எரிச்சலில்தான் ஒரு பழைய மடிப்புக் கேமராவை வாங்கினேன். தண்டு என்று சொல்கிற கன்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது விற்றது.

"இது சோறு போடுமா?" என்றாள் என் மனைவி.

"போடாது."

"சரி, தெரிஞ்சுதான் வாங்கியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு போட்டோ சங்கத்துக்குப் போவேன். அங்கே டாக்டர்கள், வக்கீல்கள், காப்பித் தோட்டக்காரர்கள். சட்டைக் காலர் திருப்பித் தைத்தவன் நான் ஒருவன்தான். இயற்கைக் காட்சி என்றால் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். சின்னதாக, கறுப்பாக, நமக்கு முதுகு காட்டிக்கொண்டு, அசையாமல். முகம் தெரிந்தால் அது கல்யாண போட்டோ என்று ஒதுக்கிவிடுவார்கள். நடுவராக இருந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்து, முதலில் அந்த மனிதனைத்தான் தேடுவார். அவன் கொஞ்சம் கலங்கியிருந்தாலும், "ஆள் ஆடிட்டான்" என்று படத்தை இடது பக்கம் தள்ளிவிடுவார். என் படங்கள் எல்லாம் இடது பக்கம்தான் கிடந்தன. வருஷக் கண்காட்சியில் என் படம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது. ஆசை என்று சொல்லி அதைச் சின்னதாக்க மாட்டேன்.

என் மைத்துனன் பதினெட்டு வயதில் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவன். ஒன்பது வருடம் பாறையில் துளை போடுகிற வேலை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சுரங்க ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தூசி ஆகாது, ஈரம் ஆகாது, குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தங்கவயலில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கழிவு மண் மலைபோல் குவிந்து கிடந்தது. காற்று அடித்தால் அந்த வெள்ளைத் தூள் சோற்றுத் தட்டில் வந்து விழும். அதனால் அவனை எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். அவன் வந்த இரண்டாம் மாதம், என் மனைவியை முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக ஆள் வந்தது. தம்பி இங்கே, அக்கா அங்கே என்று ஆயிற்று.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அவனுக்குப் பனி ஆவாதுங்க. வெயில் ஏறாம வெளிய விடாதீங்க. மத்ததெல்லாம் அவனே பாத்துக்குவான். நான் கேக்கறது இந்த ஒண்ணுதான்."

"சின்னப் பிள்ளையா அவன்? நான் பாத்துக்கறேன், நீ உன் உடம்பைப் பாத்துக்கோ" என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

முதல் ஷிப்ட் பழக்கத்தில் அவன் விடியும் முன்னால் எழுந்துவிடுவான். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுப்பான். நான் கேமரா ஸ்டாண்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். ஒரு நாள் அவனும் கூட வந்தான். அவனாகத்தான் வரட்டுமா என்று கேட்டான் என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது நான். அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று குன்றிக் கிடந்தவனுக்கு, மாமா கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? ஒன்பது வருடம் இருட்டில் கிடந்தவன், சூரியன் எழுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தான் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். அப்படி அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஜீவனஹள்ளியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே அந்த ஏரி இருந்தது. கரையின் ஒரு முனையில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன் மேல் அவன் நிற்பான். எனக்கும் அவனுக்கும் அறுபது தப்படி இருக்கும். என் காலடியில் நாணல், நடுவில் அவன், அந்தக் கரையில் ஒற்றைப் புளியமரம். நாணலும் துல்லியமாக விழ வேண்டும், மரமும் துல்லியமாக விழ வேண்டும். அதற்கு லென்ஸ் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்கினேன். துவாரம் சுருங்கினால் வெளிச்சம் உள்ளே வர நேரம் பிடிக்கும். அந்தப் பனி வெளிச்சத்துக்கு, மெதுவான பிலிமுக்கு, கணக்குப் போட்டுப் பார்த்ததில் எட்டு எண்ண வேண்டியிருந்தது.

எட்டு எண்ணும் வரை அவன் அசையக் கூடாது. மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்கும், பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். ஆகவே மூச்சை அடக்க வேண்டும்.

"மூச்சு அடக்கறதுல நான் கில்லாடி மாமா" என்றான். "உள்ள வெடி வெச்ச உடனே பொகையும் தூளும் ஒரே இருட்டா வரும். அது நம்மளைத் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. வுட்டா போச்சு."

நான் துண்டை உயர்த்துவேன். அவன் மூச்சை இழுத்து நிறுத்துவான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, எட்டில் ஷட்டரை மூடித் துண்டை இறக்குவேன். முதல் நாள் கழுவிய நெகட்டிவில் அவன் ஆணி அடித்தாற்போல் நின்றான். வெளிச்சம்தான் அன்றைக்குச் சரியாக வரவில்லை. பனி மெலிசாகி, சூரியன் எழும் முன்பே கலைந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நாளைக்கு என்ற சொல்லை அந்தக் குளிர்காலத்தில் எத்தனை முறை சொன்னேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தபோது பனி கெட்டியாயிற்று. ஏரி இருக்கிற இடமே தெரியாது. தண்ணீரிலிருந்து எழும் வாடையை வைத்துத்தான் கரையைக் கண்டுபிடிப்போம். பாறைக்குப் போகிற அவனைப் பத்துத் தப்படியில் பனி விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அவன் இருமலை மட்டும் கேட்டுக்கொண்டு நான் காத்திருப்பேன். அது ஓய்ந்தால் அவன் பாறையில் ஏறிவிட்டான் என்று அர்த்தம். அப்போதே எனக்குள் ஏதோ சரியில்லை என்று உறுத்தியது. உறுத்தலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பனி வெளுத்து அவன் உருவம் தெரியும் வரை கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மார்கழி முதல் வாரத்து நெகட்டிவ்களில் ஆள் கலங்கியிருந்தான். தலைக்கு மேல் இன்னொரு தலை, தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள். எனக்கு வந்ததே கோபம். பிலிம் சுலபமாகக் கிடைக்காத காலம் அது, ஒரு ரோலில் பன்னிரண்டே படம். ஷட்டர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேமராவும் கடிகாரமும் ரிப்பேர் பார்க்கிற முஸ்லிம் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கேமராவைத் திறந்து பார்த்தார். பிறகு நெகட்டிவைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஷட்டர் நல்லாத்தான் கீது சாப். மரத்தப் பாருங்கோ, ஆடல. புல்லு ஆடல, கல்லு ஆடல. ஷட்டர்ல கோளாறுன்னா எல்லாந்தான் ஆடணும்? ஆளு மட்டும் ஆடறாரு." நெகட்டிவை என்னிடம் நீட்டிவிட்டு, "யாரு இவரு? ஒடம்பு நல்லா கீதா?" என்று கேட்டார்.

"நீங்க ஸ்பிரிங்கைப் பாருங்க" என்றேன் சுள்ளென்று. அவர் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார்.

பிலிமைப் படிக்கத் தெரிந்தவன் நான். மரம் ஆடாமல் ஆள் ஆடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்துதான் கடைக்குப் போனேன். தப்பு கேமராவில் இருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் துவாரத்தை ஒரு படி திறந்தேன். ஒரு படி திறந்தால் நேரம் பாதியாகும். இப்போது நாலு எண்ணினால் போதும். நாலு எண்ணும் வரை அவனால் நிற்க முடிந்தது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஊன்றிக்கொள்ள ஒரு கோலும் வெட்டிக் கொடுத்தேன். ஆட்டுக்காரன்போல் படத்துக்கு நன்றாகத்தான் இருந்தது.

"எப்பவும் முதுகுதானா மாமா?" என்று திரும்பும் வழியில் கேட்டான். சைக்கிள் காரியரில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஊர்ல கேட்டா, மாமா என்னை நூறு படம் எடுத்தாருன்னு சொல்றதா, என் முதுகை எடுத்தாருன்னு சொல்றதா?"

இருவரும் சிரித்தோம். சிரிப்பு இருமலாகி, சைக்கிளை நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்கழி பாதியில் அதுவும் போயிற்று. மூன்று எண்ணும்போதே அவன் தலை கலங்கியது. இன்னொரு படி திறந்தேன். இரண்டு எண்ணிக்கை. அதற்கு விலை இருந்தது. காலடி நாணல் துல்லியம் இழந்து பஞ்சுபோல் ஆகிவிட்டது. ஏரியில் துணி துவைக்கிற ஒருவர் ஒரு நாள் கழுதையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, "ஈ மஞ்சினல்லி அவரன்ன யாக்கெ நில்ஸ்தீரி?" என்று கேட்டார். இந்தப் பனியில் அவரை ஏன் நிற்க வைக்கிறீர்கள் என்று. எனக்குக் கன்னடம் தமிழ்போலவே வரும். ஆனாலும் புரியாதவன்போல் தலையாட்டினேன். மறுநாளிலிருந்து அவர் எதிர்க்கரையில் துவைத்தார்.

வாரா வாரம் தங்கவயலுக்குக் கார்டு எழுதினேன். தம்பி சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறான், கவலை வேண்டாம். கார்டின் அடியில் அவனும் இரண்டு வரி எழுதுவான். அதே பொய்யைத் தன் கையெழுத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில், இரண்டு எண்ணி எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். நடுவர் வழக்கம்போல் ஆளைத் தேடினார். ஆள் ஆடவில்லை. பிறகு கண்ணாடி கீழே இறங்கி நாணலில் நின்றது. "முன்பக்கம் மசமசன்னு இருக்கே. ஏன் துவாரத்தை இவ்வளவு திறந்தீங்க? வெளிச்சம் நல்லா வந்திருக்கு, கெடுத்துட்டீங்க" என்றார். படம் இடது பக்கம் போயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அவனிடம் வெடித்தேன். "நான் என்ன மலையையா தூக்கச் சொன்னேன்? ஒரு நாலு எண்ணிக்கை நிக்கறதுல உனக்கு என்னடா போச்சு?"

"நாளைக்கு நிக்கறேன் மாமா" என்றான்.

அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கை சுவரில். இன்னொரு கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினான். மூன்றாவது விரலில் தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினான். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டு, நிமிர்ந்து, மறுபடியும் முதல் விரலை மடக்கினான். நான் கை கழுவாமல் உள்ளே வந்துவிட்டேன். அப்போதாவது அவனிடம் போய்த் தோளைத் தொட்டு, போதும்டா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு நான்கு எண்ணுவானோ என்று ஒரு நப்பாசை எனக்குள் எழுந்தது. இன்றைக்கும் அந்த நப்பாசைக்காகத்தான் என் மேல் எனக்கு அதிக அருவருப்பு.

பொங்கல் கழிந்தது. பெண் குழந்தை பிறந்ததாகத் தந்தி வந்தது. தம்பியைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, மாசியில் வந்துவிடுகிறேன் என்று அடுத்து ஒரு கார்டு வந்தது. கண்காட்சிக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள் தை மாதத்தோடு முடிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் எண்ணினேன். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் கணக்கு ஓடியது.

தை கடைசியில் ஒரு நாள் அந்த வெளிச்சம் வந்தது. இரவில் தூறல் போட்டிருந்தது. ஏரி மேல் பனி மட்டமாக, இடுப்பளவுக்கு, வெட்டி வைத்தாற்போல் நின்றது. காக்கை குரல்கூட இல்லை. எதிர்க்கரைப் புளியமரம் வேரில்லாமல் மிதந்தது. கிழக்கே முதலில் ஒரு செம்புக் கோடு, அது பனிக்குள் ஊறி, அடியிலிருந்து மேலே மெல்ல ஏறியது. இனி ஆயுசுக்கும் இப்படி வராது என்று தெரிந்தது. அவன் பாறையில் கோலை ஊன்றி நின்றான். துவாரத்தை இன்னும் ஒரு படி திறந்தேன். ஒரே ஒரு எண்ணிக்கை போதும். துண்டை உயர்த்தினேன்.

ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் கோல் தண்ணீரில் விழுந்தது. அவன் மடங்கி, இரண்டு கைகளையும் பாறையில் ஊன்றினான்.

வெளிச்சம் இன்னும் ஒரு நிமிடம் இருக்கும். நான் பிலிமைச் சுற்றினேன். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும் வரை பொறுமையாகச் சுற்றினேன். குனிந்திருந்த அந்த உருவத்தை எடுத்தேன். நின்ற உருவத்தைவிட அது படத்துக்குப் பொருந்தியது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது இதுதான். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

பாறை மேலெல்லாம் ரத்தம். "ஆடிட்டேன் மாமா" என்றான்.

அந்த ரோலை நான் கழுவவே இல்லை. அவனை ஊருக்கு வெளியே இருந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தந்தி கொடுத்தேன். பச்சை உடம்போடு, முப்பது நாள் ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மனைவி ஓடி வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், தமிழ்தான். எக்ஸ்ரேயை மேஜையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"மூச்சு எப்பலேர்ந்து குறைஞ்சுதுன்னு கரெக்டா தெரியணும். வருஷக்கணக்கா மெதுவா குறைஞ்சா அது சுரங்கத் தூசி. சடார்னு குறைஞ்சிருந்தா தூசி மேல காசநோயும் ஏறியிருக்கு. மருந்து வேற."

என் மனைவி முந்திக்கொண்டாள். "நான் பிரசவத்துக்குப் போயிட்டேங்க டாக்டர். இவரு காலையில ஆபீஸ் போறவரு, பாவம், இவருக்கு என்னா தெரியும்? அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

பேசாமல் இருந்திருக்கலாம். அவளே எனக்கு வழி விட்டிருந்தாள். ஆனால் மருந்து அதைப் பொறுத்து இருந்தது.

"கார்த்திகைக் கடைசியில எட்டு எண்ணற வரைக்கும் மூச்சு அடக்குவான்" என்றேன். "மார்கழி முதல் வாரத்துல நாலு. பாதி மார்கழியில ரெண்டு. தை கடைசியில ஒண்ணுக்கே நிக்கல."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "எக்ஸலென்ட். இவ்வளவு கவனமா எந்த வீட்டுலயும் பாக்க மாட்டாங்க. தினமும் டெஸ்ட் பண்ணீங்களா?"

"காலையில. ஏரிக்கரையில வெச்சு."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூசி அவனை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது, பனி இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று வருடம்தான் இருந்திருப்பான் என்று பிறகு பல டாக்டர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இரண்டு மூன்று வருடம் என்ன சின்ன விஷயமா? அவன் பங்குனியைத் தாண்டவில்லை.

அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எட்டு நாலானப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"நாலு ரெண்டானப்பவும்."

அவள் குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வார்டு வாசலில் நின்ற நர்ஸ், கைக்குழந்தையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். என் மகளை அதுவரை நான் தூக்கியதில்லை. என் மனைவி என் கைகளைப் பார்த்தாள். பிறகு வராந்தா பெஞ்சில் யாரையோ பார்க்க வந்து உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் போய், "கொஞ்சம் வெச்சிருங்கம்மா, என் தம்பியப் பாத்துட்டு வந்துடறேன்" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.